அப்பாவின் பி.எஸ்.ஏ.வில் தினமும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் வசிக்கிறேன். டர்பனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். அப்பா சர்க்கரை ஆலை வேலைக்கு ஓட்டிப்போன 1955ஆம் ஆண்டு பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி31 மோட்டார் சைக்கிள் அவர் காலமான பிறகு பல வருடங்கள் கராஜில் தூங்கியது. இப்போது உள்ளூர் மெக்கானிக் ஒருவர் சுத்தம் செய்து ஓடவைத்திருக்கிறார். குளிர்ந்திருக்கும்போது நன்றாகக் கிளம்புகிறது. இருபது நிமிடம் ஓடினால் நின்றுவிடுகிறது. சூடு ஆறும்வரை எத்தனை உதைத்தாலும் கிளம்புவதில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பி, எலெக்ட்ரானிக் இக்னிஷன், 12 வோல்ட், முன்னால் டிஸ்க் பிரேக் எல்லாம் போட்டு, சட்டத்தின் பின்பகுதியை வெட்டி, பந்தய வண்டி பாணியிலான கஃபே ரேசராக மாற்றிவிடலாம் என்கிறான். அவன் நண்பரின் பி31-இல் உள்ள மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைப் பாகம்) பார்த்து அதே அளவில் ஒன்று வாங்கியும் அனுப்பியிருக்கிறான். மாமாவோ, ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதே, அது உன் அப்பாவின் வண்டி என்கிறார். நான் ஒல்லியான ஆள், உதைத்துக் கிளப்பவே சிரமப்படுகிறேன். பெட்ரோல் டேங்க்கின் பெயின்டும் உரிந்திருக்கிறது. இந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போக முடியுமா? எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

பதில்: தங்கைக்கு வணக்கம். போக முடியும். பி31 அந்தக் காலத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே செய்த வண்டி. 1945 முதல் 1959 வரை தயாரித்தார்கள். 348 சி.சி., ஒற்றை சிலிண்டர், 17 குதிரைசக்தி. பந்தயக் குதிரை அல்ல, ஆனால் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சலிக்காமல் உழைக்கும்.

எதைச் செய்வதற்கும் முன்னால் ஒரு விதியை வைத்துக்கொள்வோம். என் பட்டறைக்கு வரும் எல்லாப் பழைய வண்டிகளுக்கும் இதையே சொல்கிறேன். அசல் பாகத்தில் புதிதாகத் துளை போடக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது, கழற்றியதைத் தூக்கிப்போடக்கூடாது. இந்த மூன்றையும் மீறாமல் செய்யும் மாற்றம் எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், ஏனென்றால் நாளைக்கே மனம் மாறினால் ஒரு வார இறுதியில் பழையபடி ஆக்கிவிடலாம். மாமாவின் கவலைக்கும் இதுதான் பதில். ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் வைத்தால் அது வரவேற்பறையில் நிற்கும் வண்டி. அப்பாவே எத்தனை டயர், எத்தனை கேபிள், எத்தனை பிரேக் லைனிங் மாற்றியிருப்பார் என்று மாமாவைக் கேட்டுப்பாருங்கள்.

தம்பியின் பட்டியலுக்குப் போகும் முன் அந்த இருபது நிமிடக் கோளாற்றைத் தீர்க்க வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் சாலையோரத்திலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

வண்டி நின்ற உடனே டேங்க்கின் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, சில நொடி கழித்து உதைத்ததும் கிளம்பினால், மூடியிலுள்ள காற்றுத் துளை துருவாலோ அழுக்காலோ அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அதன் இடத்துக்குக் காற்று வர வழியில்லாமல் கார்புரேட்டருக்குப் போவது நின்றுவிடுகிறது. ஓர் ஊசியால் தீரும் வேலை இது.

அது இல்லையென்றால் கிக்கரை மெதுவாக அழுத்திப்பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஓர் இடத்தில் கெட்டியாகத் தடுக்கும். சூட்டில் அந்தத் தடுப்பே இல்லாமல் தொளதொளவென்று கீழே போனால், வால்வு முழுதாக மூடவில்லை. வால்வுக்கு விடும் இடைவெளி குறைவாக இருந்தால், சூட்டில் தண்டு நீண்டு அந்தக் கொஞ்ச இடமும் இல்லாமல் போகிறது. இடைவெளியைத் திருத்த வேண்டும்.

தடுப்பு நன்றாக இருக்கிறதா? அப்படியானால் டேங்க்கை மூடிவிட்டு, கையோடு கொண்டுபோன வேறொரு பிளக்கை வயரில் செருகி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து உதையுங்கள். நீல நிறத்தில் பட்டென்று பொறி வந்தால், பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னீட்டோ நலம். மஞ்சளாக, இழைபோல வந்தாலோ வராமலே போனாலோ, திருடன் அகப்பட்டான். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் வண்டியில் இருப்பது லூகாஸ் மேக்டைனோ, அதாவது மேக்னீட்டோவும், விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் சேர்ந்த ஒரே கட்டு. மேக்னீட்டோவின் சுழலும் பகுதிக்குள் ஒரு கண்டென்சர் புதைந்திருக்கிறது. வயதானால் சூட்டில் அது மின்சாரத்தைக் கசியவிடும், பொறி வலுவிழக்கும். ஆறினால் மறுபடி வேலை செய்வதுபோல் நடிக்கும். கம்பிச்சுருளின் மேல் பூசிய பழைய அரக்கும் சூட்டில் உருகி, சுழலும் பகுதியை ஒட்டிப் பிடித்துக்கொள்வது உண்டு.

இதைக் கேட்டதும் தம்பி, எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடு என்பான். நான் வேண்டாம் என்கிறேன். மேக்னீட்டோ நன்றாக இருந்தால் அதற்கு பேட்டரியே தேவையில்லை. இரவில் டைனமோ செத்துப்போனால் விளக்கு மட்டும்தான் மங்கும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், சாலையோரத்தில் வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்துவிடலாம். பேட்டரியை நம்பிய இக்னிஷன் என்றால் விளக்கும் இன்ஜினும் சேர்ந்தே போகும். இரவுப் பணி முடிந்து தனியாக வரும் ஒருவருக்கு அந்த வேறுபாடு பெரியது. ஆகவே மேக்னீட்டோவை அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, சுருளைப் புதிதாகச் சுற்றி, இன்றைய தரத்தில் கண்டென்சர் வைத்து, பேரிங்கும் மாற்றி வாங்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது, மாமாவுக்கும் நிம்மதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதைக் கழற்றினாலே இக்னிஷன் டைமிங், அதாவது பொறி வர வேண்டிய சரியான கணம், கலைந்துவிடும். திரும்பப் பூட்டுபவர் பிஸ்டனின் நிலையை அளந்து டைமிங் வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கண்ணளவில் வைப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி பிரேக். இங்கேதான் உங்கள் பணத்தின் பெரும்பங்கு போக வேண்டும் என்பேன். டிஸ்க் வேண்டாம். முன்சக்கரத்தைத் தாங்கும் 1955ஆம் ஆண்டு ஃபோர்க்கை டிரம் பிரேக்கின் விசைக்காகக் கணக்கிட்டுச் செய்தார்கள். ஒரு பக்கம் மட்டும் டிஸ்க்கை மாட்டி இறுக்கிப் பிடித்தால் ஃபோர்க்கின் அந்தப் பக்கத் தண்டும் முழு ஃபோர்க்கும் முறுகும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரை நிறுத்த ஏதாவது ஒன்றை வெட்டி ஒட்டவும் வேண்டிவரும். நம் விதியே உடைந்துபோகிறது. ஆனால் டிரம் பிரேக் என்றால் நிற்காது என்று தம்பி சொல்வதையும் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். பல பழைய வண்டிகள் நிற்காமல் போவதற்குக் காரணம் டிரம் வட்டமாக இல்லாததும், லைனிங் கண்ணாடிபோல் மழுங்கிக் கிடப்பதும்தான்.

சக்கரத்தைக் கழற்றி டிரம்மை லேத்தில் மிக மெல்லிய இழையாகக் கடைந்து வட்டமாக்கச் சொல்லுங்கள். ஸ்போக்குகளை இறுக்கி முடித்த பிறகுதான் கடைய வேண்டும், ஸ்போக்கின் இழுப்பே டிரம்மைக் கோணலாக்கும். பிறகு டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்குப் புது லைனிங். அதை ஒட்டியதோடு விட்டால் நடுவில் மட்டும் உரசும் அல்லது நுனியில் மட்டும் உரசும். டிரம்மின் உள்வட்டத்துக்கு ஏற்ப லைனிங்கையும் கடைந்து, முழு முகமும் படும்படி செய்ய வேண்டும். முன்நுனியைக் கொஞ்சம் சாய்வாகச் சீவிவிட்டால் திடுக்கென்று கவ்வாது. சக்கரத்தை மாட்டும்போது அச்சை முழுதாக இறுக்குமுன் பிரேக் லீவரை யாரையாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பிடித்த நிலையிலேயே இறுக்குங்கள். ஷூக்கள் தாமாகவே நடுவில் வந்து உட்காரும். புது கேபிளும் கட்டாயம் வேண்டும். பிரேக் பிடித்திருக்கும் நிலையில் டிரம்மின் மேலுள்ள கையும் கேபிளும் செங்கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கோணம் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் விரலின் பலம் வீணாகப் போகிறது. இவ்வளவும் செய்த டிரம் பிரேக்கை ஓட்டிப்பார்த்தவர்கள் டிஸ்க்கைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ யாரையும் விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை நான் ஒரு செவிலியருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டயரைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. கராஜில் கிடந்த டயரில் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கட்டையாகியிருக்கும். இரண்டையும், உள்ளே இருக்கும் ட்யூபுகளையும், ஸ்போக் முனைகளை மூடும் ரிம் பட்டையையும் மாற்றுங்கள். 19 அங்குல ரிம்முக்கு நல்ல டயர்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் காட்டும். கடையில் பல வருடம் தொங்கியதை வாங்க வேண்டாம். நம் பக்கத்தில் கரும்பு வெட்டும் மாதங்களில் லாரிகள் சிந்திய கரும்புத்தட்டையும் வயல் மண்ணும் சாலையில் கிடக்கும். மேலே ஒரு தூறல் விழுந்தால் புதுவண்டிக்காரரே வழுக்குகிறார். கட்டை டயரோடு நீங்கள் அதில் போகக்கூடாது.

மின்சாரத்தில் தம்பியின் கட்சியில் நான் சேர்ந்துகொள்கிறேன். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு பகலிலும் எரிய வேண்டும் என்பது சட்டம். அப்பா காலத்தில் அந்தி சாய்ந்த பிறகுதான் விளக்குப் போட்டிருப்பார். உங்கள் டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட் தரும், அதுவும் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். முன்விளக்கு மட்டுமே 30 வாட் குடித்தால், வெருலம் ஊருக்குள் நெரிசலில் ஊரும்போது டைனமோ ஒன்றும் தராது, பேட்டரி காலியாகிக்கொண்டே போகும். மேலே பிரேக் விளக்கும் ஹாரனும். வேலைக்குப் போய்ச் சேரும்போது விளக்கு ஆரஞ்சுப் பழம்போல் சிவந்து நிற்கும்.

வழி இருக்கிறது. டைனமோவை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய ரெகுலேட்டருக்குப் பதிலாக 12 வோல்ட்டுக்கான எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வையுங்கள். அதைப் பழைய ரெகுலேட்டரின் பெட்டிக்குள்ளேயே மறைத்து வைத்துவிடலாம். 12 வோல்ட்டில் டைனமோ சார்ஜ் செய்யத் தொடங்க இன்னும் கொஞ்சம் கூடுதலான சுழற்சி வேண்டும். அதை ஈடுகட்ட எல்.இ.டி. பல்புகளைப் போடுங்கள், இழுக்கும் மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. திசை பார்க்கும் எல்.இ.டி. பல்பை மாட்டினால் எரியாது. எந்தத் திசையிலும் எரியும் பல்பாகக் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் இரவில் சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழைய ரிஃப்ளெக்டரில் சில எல்.இ.டி.கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், உங்கள் பாதையை இருட்டாகவே விட்டுவிடும். அப்படி இருந்தால் முன்விளக்குக்கு ஹாலஜனே மேல்.

வயரிங் முழுவதையும் புதிதாகச் செய்துவிடுங்கள். எழுபது வயதான பருத்தி உறையை நம்பக்கூடாது. பேட்டரிக்கு மிக அருகே, சட்டத்தோடு சேராத முனையில், அதாவது உங்கள் வண்டியில் நெகட்டிவ் முனையில், ஒரு ஃபியூஸ் வையுங்கள். முன் பிரேக்கைப் பிடித்தாலும் பின்விளக்கு எரியும்படி அதன் கேபிளில் ஒரு சின்ன சுவிட்ச் சேர்க்கலாம். இன்டிகேட்டர்களைக் கிளிப் போட்டுப் பொருத்துங்கள், மட்கார்டில் துளை வேண்டாம். இரண்டு பக்கமும் கண்ணாடி. நடுவழியில் டாக்சிகள் இடமும் வலமும் புகுந்து வரும் சாலை நம்முடையது.

தம்பி அனுப்பிய மெயின் ஜெட்டைத் தயவுசெய்து போடாதீர்கள். அவன் நண்பர் ஓட்டுவது ஜோஹன்னஸ்பர்க்கில், ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று அடர்த்தி குறைவு, அதனால் பெட்ரோலையும் குறைக்கச் சிறிய ஜெட் பொருத்தமாக இருக்கும். டோங்காட் கடலோரம். இங்கே காற்று அடர்த்தி, அந்தச் சிறிய ஜெட்டில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். தொழிற்சாலை சொன்ன ஜெட் அளவோடு தொடங்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துத் திருத்துவதுதான் சரி. வெளிர்பழுப்பு நல்லது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்துக் கரிபடிந்திருந்தால் கூடுதல். காற்று வடிகட்டி இல்லாவிட்டால் ஒன்று போடுங்கள், வயலோரத் தூசி சிலிண்டரை அரமாக அராவும். வடிகட்டி போட்ட பிறகு பிளக்கின் நிறத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

வால்வு உட்காரும் இருக்கைகளைத் தேயாமல் காத்த ஈயம் இப்போது பெட்ரோலில் இல்லையே என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் 2006இல் ஈயப் பெட்ரோல் நின்றது. உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன் 6.5க்கு 1 மட்டுமே, ஆகையால் 93 ஆக்டேன் தாராளம். வால்வு இருக்கைகளுக்காக இப்போதே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போனால் இருக்கை தேய்கிறது என்று பொருள். வேறு வேலைக்காக ஹெட் இறங்கும் நாளில் கெட்டியான இருக்கை வளையம் போட்டுக்கொள்ளலாம்.

எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். இந்த இன்ஜினில் எண்ணெய் தனி டேங்க்கில் இருக்கும். ஒரு பம்ப் உள்ளே அனுப்பும், இன்னொரு பம்ப் திரும்ப எடுத்துவரும். பல நாள் நின்றால் டேங்க்கிலுள்ள எண்ணெய் மெல்ல வழிந்து இன்ஜினின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். டேங்க்கில் குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றிவிடக்கூடாது. அடித்தட்டைத் திறந்து வடித்துவிட்டு, பிறகுதான் டேங்க்கை நிரப்ப வேண்டும். இதைத் தடுக்க எண்ணெய்க் குழாயில் ஒரு திருகுக் குழாயைப் பொருத்துபவர்கள் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அதிகாலைப் பணிக்கு அவசரமாகக் கிளம்பும் ஒருநாள் அதைத் திறக்க மறந்தால் இன்ஜினின் கதை முடிந்தது. தினமும் ஓடும் வண்டியில் எண்ணெய் இறங்க நேரமே இருக்காது. அதற்குப் பதில் ஒவ்வொரு முறை கிளப்பியதும் எண்ணெய் டேங்க்கின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். திரும்பி வரும் குழாயிலிருந்து எண்ணெய் விட்டு விட்டுத் துப்புவது தெரிய வேண்டும். தெரிந்தால் மூடிவிட்டுப் போகலாம். தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

எண்ணெய் வடிகட்டி சேர்ப்பது நல்ல மாற்றம். அதைத் திரும்பி வரும் குழாயில்தான் வைக்க வேண்டும். உள்ளே போகும் குழாயில் வைத்து அது அடைத்தால் பேரிங் பட்டினி கிடக்கும். இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கழுவாதவரை, அழுக்கைக் கரைக்கும் புதுவகை எண்ணெய் வேண்டாம். பல வருடமாக அடியில் படிந்த கசடை அது கிளப்பிவிட்டுச் சுற்றவைக்கும். அதுவரை எஸ்.ஏ.இ. 40 சாதா எண்ணெயே போதும், சீக்கிரம் சீக்கிரம் மாற்றிக்கொள்ளுங்கள். கழுவி, வடிகட்டியும் போட்ட பிறகு 20டபிள்யூ-50க்குப் போகலாம்.

உதைத்துக் கிளப்புவதற்கு உடல் எடை தேவையில்லை. பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டரின் மேலுள்ள சிறு பொத்தானைப் பெட்ரோல் கசியும்வரை அழுத்துங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் கல்போல நிற்கும். அங்கே ஹேண்டில்பாரில் இருக்கும் வால்வு லிஃப்டர் லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை ஒரு விரல்கடை மட்டும் தாண்டவிட்டு, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, அங்கிருந்து முழு நீளத்துக்கும் தயங்காமல் ஓர் உதை. ஆக்சிலரேட்டரைத் திருகாதீர்கள். பிஸ்டன் அமுக்கத்தைத் தாண்டி நிற்பதால், இன்ஜினுக்குள் இருக்கும் கனத்த ஃப்ளைவீல் சக்கரம் ஏறக்குறைய இரண்டு சுற்று வேகம் பிடித்த பிறகுதான் அடுத்த அமுக்கம் வரும். பாரம் போடுவது அந்தச் சக்கரம், நீங்கள் அல்ல. மேக்னீட்டோ சரியான பிறகு இரண்டாவது உதைக்கு மேல் தேவைப்படாது.

எந்தச் சாலையில் போவது? என்2 நெடுஞ்சாலையில் 350 சி.சி. வண்டி ஓட்டச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 120 கிலோமீட்டர் வேகத்தில் சரக்கு லாரிகளும் கார்களும் பின்னால் வரும்போது, 80, 85இல் சுகமாக ஓடும் வண்டியோடு அங்கே இருக்க வேண்டாம். வெருலம், மவுன்ட் எட்ஜ்கம்ப் வழியாகப் போகும் பழைய ஆர்102 சாலைதான் இந்த வண்டியின் சாலை. அப்பாவும் அதில்தான் டர்பன் போயிருப்பார். நேரம் கூடும், சுங்கம் மிச்சம். செயினை இழுக்கும் பல்சக்கரமான இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டி வேகத்தை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மேட்டில் கியரைக் குறைத்துக் குறைத்து ஏறுவதைத்தான் சம்பாதிப்பீர்கள்.

பழைய பாகங்களால் தூரம் தாங்குமா என்று சந்தேகம் வந்தால் டி.ஜே. ஓட்டத்தைப் போய்ப் பாருங்கள். டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்கும் இடையே 1913க்கும் 1936க்கும் நடுவில் நடந்த பந்தயத்தின் நினைவாக 1970 முதல் நடப்பது அது. 1936 முடிவதற்குள் செய்த மோட்டார் சைக்கிள்களை மட்டுமே சேர்ப்பார்கள், உங்கள் வண்டிக்கு வயது போதாது! டிரம் பிரேக்கும் மேக்னீட்டோவுமாக அந்தக் கிழவர்கள் டிராக்கன்ஸ்பர்க் மலைச்சரிவைத் தாண்டி இரண்டு நாளில் மேட்டுநிலத்துக்கு ஏறிவிடுகிறார்கள். புறப்படும் இடத்தில் அந்த ஓட்டிகள் குனிந்து என்னென்ன தொட்டுப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். செயின் தளர்வு, ஸ்போக்குகள், எண்ணெய்த் திரும்பல், ஒவ்வொரு நட்டும். நான் இங்கே எழுதுவதைவிட அதிகம் கற்றுக்கொள்வீர்கள்.

சட்டத்தை வெட்டி கஃபே ரேசர் ஆக்குவது கூடாது, அவ்வளவுதான். தம்பிக்கு ஆசை அடங்காவிட்டால் தாழ்வான ஹேண்டில்பார் ஒன்று வாங்கி மாட்டிப் பார்க்கட்டும், நான்கு போல்ட்டுகளில் திரும்பிவிடும். ஆனால் மணிக்கணக்கில் நின்று வேலைபார்த்த முதுகோடு வீடு திரும்புகிறவருக்கு அப்பாவின் நிமிர்ந்த ஹேண்டில்பார்தான் நல்லது. வேறு இன்ஜினை மாற்றிவைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண் மாறினால் போலீஸ் அனுமதி வரை அலைய வேண்டும். பதிவு இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதற்கு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோடுவொர்த்தி சான்றிதழ் வேண்டும், பிரேக்கும் விளக்கும் முடித்த பிறகு வண்டியைக் கொண்டுபோனால் ஒரே நடையில் முடியும். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி என்பதால் உங்கள் லைசென்ஸ் 'ஏ' வகையாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் வலது காலிலும் பின் பிரேக் இடது காலிலும் இருக்கிறது. புது வண்டிகளில் பழகியவர் என்றால் அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்கே ஓடும், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆளில்லாத வயல்வெளிச் சாலையில் திடீர் நிறுத்தங்களை மட்டுமே பழகுங்கள், கால் யோசிக்காமல் இடது பக்கம் போகும்வரை. அதன் பிறகு பகல் பணி நாட்களில் எடுத்துப்போங்கள். இரவுப் பணிக்கு இந்த வண்டி கடைசியாகத்தான். ஒரு மழைக்காலமும் ஒரு கரும்பு வெட்டும் பருவமும் உங்களோடு சேர்ந்து பார்த்த பிறகு அது எங்கே முரண்டு பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கிளட்ச் கேபிள் அறுந்தால் தவிப்பதைத் தவிர்க்க, புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி நாடாவால் கட்டி வையுங்கள். இருட்டில் இரண்டு முனைகளை மாற்றினால் போதும். இருக்கைக்கடியில் ஒரு பிளக், செயின் இணைப்பு ஒன்று, ட்யூப், நாலைந்து சாவிகள்.

கடைசியாக, டேங்க்கின் பெயின்டைக் கேட்டிருந்தீர்கள். வெளியே தொடாதீர்கள். அப்பாவின் முழங்கால் உரசி உரசித் தேய்ந்த இடங்கள் அதில் இருக்கும், எந்தப் பெயின்டரும் அதைத் திரும்பப் போட்டுத் தர முடியாது. உப்புக்காற்று உரிந்த இடத்தைத் தின்னாமலிருக்க, துருவை மென்மையாகத் துடைத்து, மெழுகை மெல்லிய பூச்சாகப் பூசி, மாதம் ஒருமுறை புதுப்பித்தால் போதும். மழையில் நனைந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். டேங்க்கின் உட்பக்கம் வேறு கதை. விளக்கடித்துப் பாருங்கள், சிவந்த தூள் தெரிந்தால் துருவைக் கரைக்கும் திரவம் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பெட்ரோல் குழாயில் ஒரு வடிகட்டியும் சேர்த்துவிடுங்கள். உள்ளே பூசும் பசைகளை நான் நம்புவதில்லை. சில வருடத்தில் அவை செதில் செதிலாக உரிந்து கார்புரேட்டருக்குள் போய் அடைத்ததைப் பல வண்டிகளில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.